என் காலடி மண்ணுக்குக் கிராக்கி வந்த கிழமை

என் காலடி மண்ணுக்கு ஒரு கிழமை முழுவதும் நல்ல கிராக்கி இருந்தது. சாமியார்களின் காலடி மண்ணைப் பக்தர்கள் எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார்கள், அந்த வகை என்று நினைத்துவிடாதீர்கள். என்னுடையதை எடுத்தவர்கள் அதை உப்போடும் செத்தல் மிளகாயோடும் சேர்த்து நெருப்பில் போட்டார்கள். ஒருவர் மண் போதாதென்று திரும்பவும் மிதிக்கச் சொன்னார்.

இத்தனைக்கும் நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பிள்ளைகளைப் பாராட்டினேன், அவ்வளவுதான். ஆனால் எண்ணி எண்ணிப் பாராட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. திருகோணமலையில் ஒரு கல்வி அலுவலகத்தில் வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. கதிரையில் இருந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் பேனா ஆடும். கோயிலில் கும்பிடும்போதுகூட இந்தக் காலில் ஒருதரம் அந்தக் காலில் ஒருதரம் என்று மாறி மாறி நிற்பேன். (கலியாண வீடியோவில் தாலி கட்டும் நேரத்தில் நான் எதையோ தேடுவது போல இருக்கும். ஒன்றையும் தேடவில்லை.) இந்த வியாதியோடுதான் மட்டக்களப்பில் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனேன்.

பயிற்சி விசேட கல்வி ஆசிரியர்களுக்கு உதவப்போகிறவர்களுக்கானது. அடிப்படை இதுதான்: வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருக்க ஏசத் தேவையில்லை, பாராட்டுப் போதும். சும்மா 'கெட்டிக்காரன்' என்றால் எதற்காகச் சொன்னார்கள் என்று பிள்ளைக்கு விளங்காது. செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்ட வேண்டும், செய்த உடனே பாராட்ட வேண்டும். ஒருதரம் கண்டித்தால் நாலு தரமாவது பாராட்ட வேண்டும். ஒருவர் மூலையில் இருந்து ஆசிரியர் எத்தனை தரம் பாராட்டுகிறார் என்று எண்ணி, பாடம் முடிந்ததும் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான். இதெல்லாம் நல்ல விஷயம், இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பழுது விஷயத்தில் இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு ஓடின ஆளில்தான்.

திரும்பி வந்ததும் கடைத்தெருவுக்குப் போய் எண்ணுவதற்கு ஒரு சாமான் வாங்கினேன். விரலில் மோதிரம் போல மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் சின்னத் திரையில் ஒன்று கூடும். முஸ்லிம் ஆட்கள் திக்ர் என்று இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும்போது எண்ணுவதற்காக வைத்திருப்பது. என் விரல்களுக்கும் ஒரு வேலை கிடைத்தது என்று எனக்கு மெத்தச் சந்தோஷம்.

முதலாவதாக என்னை அனுப்பிய இடம் சல்லி என்ற மீனவக் கிராமத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் விசேட கல்விப் பிரிவு. ஒரு அறை, ஒரு விறாந்தை, பதினொரு பிள்ளைகள். ஆசிரியை வசந்தி. வசந்தி வேறு யாருமில்லை, என் கணவர் சுதனின் அக்கா. எனக்கு மச்சாள். பதின்மூன்று வருடமாக அந்த அறையில் படிப்பிக்கிறவருக்குப் பாராட்டச் சொல்லிக் கொடுக்க, மூன்று நாள் பயிற்சியோடு நான் போனேன். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது, நம்முடைய ஆள்தானே, சுகமாக முடியும் என்று.

மச்சாள் பாராட்டுவதில் மகா சிக்கனம். அவருடைய வாயில் வரும் ஆகப்பெரிய சொல் 'பரவாயில்லை'. சுதன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான அன்றும் அதைத்தான் சொன்னாராம். நான் மருமகளாக வந்து முதன்முதல் வைத்த கணவாய்க் கறிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

நான் போன நேரம் அந்தப் பிரிவுக்கு ஒரு கண்டம். வரவு குறைந்த பிரிவுகளை மூடிப் பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றோடு சேர்க்கப் போவதாகக் கடிதம் வந்திருந்தது. மேலிடத்து ஐயா ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து தலை எண்ணுவார். நகரத்துக்கு மாற்றினால் பதினொரு பேரில் எட்டுப் பேர் வீட்டோடு நின்றுவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுடைய தாய்மார் விடியற்காலையில் கருவாடு காயப்போட்டுவிட்டுப் பிள்ளையை நடத்திக்கொண்டு வருகிறவர்கள். மச்சாளுக்குத் தூரத்து வெருகல் பக்கம் மாற்றம் வரும் என்றும் கதை. ஆனால் மச்சாள் பயப்படவில்லை. அவருடைய பிரிவில் வரவு ஒருநாளும் குறைந்ததில்லை.

நான் போகும்வரை.

திங்கட்கிழமை காலை மூலையில் ஒரு கதிரை போட்டுத் தந்தார். வகுப்பில் தர்சிகா என்று ஒன்பது வயதுப் பிள்ளை. சல்லிக்காரி. பேச்சு இல்லை. கதிரையில் இருக்கமாட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வருவாள். மச்சாள் அவளைப் பிடித்து இருத்துவதில்லை. அவள் சுற்றி வரும் வழியில் கதிரையை வைத்து, கதிரையின் முன்னால் மேசையில் சிப்பிகளைப் பரப்பி வைத்திருந்தார். அவள் வந்து ஒரு நிமிடம் நின்று சிப்பியைத் தொட்டுவிட்டுப் போவாள். ஒரு வருடமாக இப்படியாம்.

பத்து நிமிடம் போனதும் எனக்குக் கால் ஆடத் தொடங்கியது. எழும்பிப் போய் யன்னலைப் பார்த்தேன், படங்களைப் பார்த்தேன், திரும்பி வந்து இருந்தேன், திரும்ப எழும்பினேன். தர்சிகா ஒரு பக்கம் சுற்றினாள், நான் மறுபக்கம் சுற்றினேன். ஒருதரம் இருவரும் அலுமாரியடியில் சந்தித்தோம்.

மச்சாள் கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "கதிரையில இருக்காத பிள்ளை இந்த வகுப்பில ஒண்டுதான் இருந்தது. இப்ப ரெண்டு."

பாடம் முடிந்ததும் எண்ணிக்கையைக் காட்டினேன். காலை முழுவதும் மூன்று பாராட்டு. மூன்றும் 'பரவாயில்லை'. பயிற்சியில் சொன்னபடி நல்லதை முதலில் சொல்லித் தொடங்கினேன்.

"மச்சாள், நீங்கள் கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகளையும் கவனித்தது மிகவும் நன்றாக இருந்தது."

"உமக்கு என்ன நடந்தது?" என்றார் மச்சாள். "ஏன் செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறீர்?"

"இல்லை மச்சாள், பாராட்டுக் கொஞ்சம் காணாது. இன்னும் கூட்ட வேணும்."

"கூட்டலாம். ஆனா இஞ்ச ஒரு முறை இருக்கு, சுபா. தாய்மார் விறாந்தையில இருக்கினம். கண்டபடி வாயை விடக்கூடாது. மெல்ல மெல்லத்தான் செய்யலாம்."

அந்த முறை என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டுமே. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலே நாள்தான், ஐயா வரும்போது வகுப்பு பாராட்டால் ஜொலிக்க வேண்டும் என்ற அவதியில் நான் சொன்னேன், "நாளைக்கு நானே செய்து காட்டுறன், நீங்கள் பாருங்கோ."

செவ்வாய்க்கிழமை நான் செய்து காட்டினேன்.

எட்டு மணிக்குத் தொடங்கினேன். பை கொழுவினவனைப் பாராட்டினேன். மூக்குச் சீறினவனைப் பாராட்டினேன். ஜமாலியாவிலிருந்து வரும் அஸ்மீர் தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்தான், அதற்கு முழு வாக்கியத்தில் பாராட்டு. ஒவ்வொன்றுக்கும் விரலில் ஒரு அழுத்து. குரல் விறாந்தைவரை கேட்க வேண்டும் என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன், தாய்மாரும் படித்துக்கொள்ளட்டும் என்று. யன்னல் கம்பிகளுக்கு வெளியே தாய்மாரின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவர்கள் வாய் அடைத்துப்போய் நின்றார்கள். ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிபோல அந்த அதிசயம் நடந்தது. தர்சிகா சுற்றி வந்து, சிப்பியைத் தொட்டு, கதிரையில் இருந்தாள். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். மச்சாள் சிப்பிகளை ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணால் 'பேசாமல் இரும்' என்றார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அரை மணித்தியாலம். அதற்குமேல் என்னால் ஏலவில்லை.

"தர்சிகா அரை மணித்தியாலம் கதிரையில் இருந்திருக்கிறாள்," என்று யன்னலைப் பார்த்து அறிவித்தேன். "எவ்வளவு அழகாக இருக்கிறாள் பாருங்கோ. இப்படி ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை நான் கண்டதே இல்லை."

வெளியே தர்சிகாவின் தாய் யோகேஸ்வரி நெஞ்சில் கை வைத்தார். அதையும் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அடுத்த வேலை பார்த்தேன். தாய்மாருக்கு மச்சாள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார், வணக்கம் சொல்வதற்காக என்னையும் அதில் சேர்த்திருந்தார். நான் தர்சிகா கதிரையில் இருக்கும் படத்தைப் போட்டேன். பிறகு பதினொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பாராட்டு, பெயரோடும் பூக்களோடும். 'அஸ்மீர் இன்று இரண்டு பணிஸும் சாப்பிட்டு முடித்தான், சூப்பர்.' 'கிரிசாவின் தலைமயிர் என்ன நீளம், அவளே பின்னப் பழகுகிறாள்.' எல்லாவற்றிலும் நீலச் சரி விழுந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. சொல் வராமல் நெகிழ்ந்துபோய் இருக்கிறார்கள் என்று சுதனிடம் சொன்னேன். சுதன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்காவுக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை காலை வகுப்புக்கு வந்தது மூன்று பிள்ளைகள்.

தர்சிகாவுக்குக் காய்ச்சல். அஸ்மீருக்கு வயிற்றோட்டம். கிரிசாவுக்குத் தலையில் புண். மிச்சப் பேருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வரப்போவதும் இல்லை. மழை விட்ட பிறகு ஊர் முழுக்கத் தடிமன் காய்ச்சல் திரிந்த நேரம் அது. அதை நான் சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தாரும், வாசியும். தலைமயிர் நீளமாம். ரெண்டு பணிஸ் சாப்பிட்டானாம். ஒரு பிள்ளை சாப்பிடுறதை ஊர் முழுக்கச் சொல்லுறதோ? நாவூறெண்டு ஒண்டு இருக்கெண்டு உம்மட வீட்டில சொல்லித் தரேல்லையோ?"

சொல்லித் தந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் யாராவது குழந்தையைப் பார்த்து வடிவு என்றால் உடனே அம்மா 'தூ தூ' என்று துப்புவார். என் மகளின் கன்னத்தில் நானே பெரிய கறுப்புப் பொட்டு வைத்தவள். நடக்காத பிள்ளை நடந்தால், இருக்காத பிள்ளை இருந்தால், அதைத் தாய் பொத்திப் பொத்தித்தான் வைத்திருப்பாள், ஊருக்குச் சொல்லமாட்டாள் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். மூன்று நாள் பயிற்சிக்கு இருந்த சக்தி அப்படி.

"இண்டைக்குப் புதன்," என்றார் மச்சாள். "வெள்ளி அவர் வாறார். மூண்டு பிள்ளையோட நான் என்னத்தைக் காட்டுறது?"

அவருடைய குரல் உடைந்தது. மச்சாளின் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன். என்னால் அந்த அறை மூடப்படப் போகிறது என்பது அந்த நேரத்தில்தான் மண்டையில் ஏறியது.

வேறு வழி தெரியாமல் அலுவலகத்துக்குப் போய் மேசையில் இருந்தேன். (இருந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. மேசைக்கும் யன்னலுக்கும் நடந்தேன். யன்னலில் துறைமுகம் தெரியும், ஒரு கப்பல் நாள் முழுக்க அசையாமல் நிற்கும். அதைப் பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடும்.) பதினொரு மணிபோல வாசலில் யோகேஸ்வரி நின்றார். கையில் ஒரு சின்னப் பொலித்தீன் பை.

"மிஸ், குறை நினைக்கக்கூடாது," என்றார். "உங்கட காலடி மண் கொஞ்சம் வேணும். பிள்ளைக்குச் சுத்திப் போட."

அலுவலகத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரின் பேனாவும் நின்றது.

நான் எழும்பிச் செருப்பைக் கழற்றினேன். தரை மாபிள். அன்றைக்கென்று பார்த்துத் தரையைக் கழுவித் துடைத்திருந்தார்கள். என் கதிரைக்குக் கீழே ஒரு பேப்பர் கிளிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. யோகேஸ்வரி என் செருப்பை வாங்கிக் கவிழ்த்து, அடியை ஒரு ஈர்க்கால் சுரண்டினார். கிடைத்தது அரைத் தேக்கரண்டிகூட வராது. சத்தம் கேட்டு எங்கள் பணிப்பாளர் அம்மா அறையிலிருந்து வெளியே வந்தார். நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன். ஒரு தாய் என் செருப்பைச் சுரண்டுகிறார்.

"என்ன இது, சுபா?"

"பெற்றோர் சந்திப்பு, மடம்," என்றேன்.

அவருக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது. அவர் என்னை ஏசவில்லை. "நாளைக்கு லீவு போடுங்கோ," என்றார். "போய் அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வாங்கோ. எப்பிடியெண்டு எனக்குச் சொல்ல வேண்டாம்."

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மச்சாளின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன். முதல் வீடு சல்லியில் யோகேஸ்வரியின் வீடு. முற்றம் முழுக்கப் பாயில் கருவாடு காய்ந்தது. முதல்நாள் கொண்டுபோன செருப்புத் தூசி பலிக்கவில்லையாம், சுட்டபோது மிளகாய் நெடி மூக்கில் ஏறினதாம், நாவூறு பிடிபட்டால் நெடி வராதாம். வெறுங்காலால் மிதித்த மண்தான் வேண்டும்.

மிதித்தேன். மத்தியான வெயிலில் அந்த மணல் கொதித்தது. நான் துள்ளினேன்.

யோகேஸ்வரி குனிந்து பார்த்தார். "மிஸ், பாதி அடிதான் விழுந்திருக்கு. குதிக்கால் காணேல்லை. ஒழுங்கா ஊண்டி மிதியுங்கோ."

"சுடுது அக்கா."

"சுடும்தான்," என்றார் மச்சாள் ஸ்கூட்டியில் இருந்தபடி. "ஊண்டி மிதியும்."

வாழ்க்கையில் முதல்தடவையாக ஓரிடத்தில் அசையாமல் நின்றேன். யோகேஸ்வரி மண்ணை அள்ளி, உப்பும் மிளகாயும் சேர்த்து, வாசலில் சுருண்டிருந்த தர்சிகாவின் தலையை மூன்றுதரம் சுற்றி, சிரட்டைத் தணலில் போட்டார். கடற்காற்று புகையை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

"பாத்தீங்களே, ஒரு நெடியும் இல்லை. அவ்வளவு நாவூறு," என்றார் யோகேஸ்வரி.

நான் வாயைத் திறந்தேன். மச்சாள் என் காதில் மெல்லச் சொன்னார்: "காத்தெண்டு சொன்னீரோ, நடந்துதான் வருவீர்."

வாயை மூடிக்கொண்டேன். தர்சிகா என்னைப் பார்க்கவில்லை. மண்ணில் என் காலடி விழுந்த பள்ளத்துக்குள் விரலை விட்டு, அதன் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். முதல்நாள் காய்ச்சலாகக் கிடந்தவள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா," என்று யோகேஸ்வரியிடம் சொன்னேன்.

"நீங்கள் நல்ல மனசோடதான் சொன்னீங்கள், எனக்குத் தெரியும் மிஸ்," என்றார் அவர். "ஆனா ஒரு வருசமா அவள் இருக்க வேணுமெண்டு கும்பிட்டனான். இருந்த அண்டைக்கே காய்ச்சல் வந்தால் நான் என்னெண்டு நினைக்கிறது?"

நான் செருப்பை மாட்டாமலே ஸ்கூட்டியில் ஏறினேன்.

அப்படியே இன்னும் ஆறு வீடு. ஆறு வீட்டிலும் மிதித்தேன். கிரிசாவின் வீட்டில் முற்றம் சீமெந்து என்பதால் பக்கத்து வளவில் அனுமதி கேட்டு மிதிக்க வேண்டியிருந்தது. கடைசியாக ஜமாலியாவில் அஸ்மீரின் தாய் பரீதா. அவருக்கு மண் வேண்டாம்.

"மண்ணெல்லாம் நாங்க எடுக்கிறல்ல டீச்சர்," என்றார். "பாராட்டினா மாஷா அல்லாஹ் எண்டும் சேத்துச் சொல்லணும். அது சொல்லாமப் பாராட்டினாத்தான் கண்ணூறு. ஆனா எனக்கு ஒண்டு விளங்கல்ல. நீங்க நாள் முழுக்க விரல்ல எண்ணி எண்ணி ஓதினீங்களே. அப்பிடி ஓதுற ஆள்ட கண்ணு எப்பிடிப் படும்?"

அவர் என் விரலைப் பார்த்தார். அந்தச் சாமான் அப்போதும் விரலில்தான் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

"அது ஓதினது இல்லை," என்றேன். "பாராட்டினதை எண்ணினனான்."

பரீதா என் கையைப் பிடித்து இழுத்துத் திரையைப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு.

"யா அல்லாஹ்," என்று நிலத்தில் இருந்துவிட்டார். "கண்ணு வெச்சது போதாதெண்டு எண்ணி வேற வெச்சீங்களா?"

அவரைச் சமாதானப்படுத்த ஒரு மணித்தியாலமும் மூன்று கோப்பை இஞ்சிப் பிளேன்டீயும் பிடித்தது. எண்ணிக்கையை அவர் கண்ணெதிரே பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். சாமானைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன், சரியான வேலைக்குப் பயன்படட்டும் என்று. அஸ்மீரின் முன்னால் நின்று அவர் சொல்லித் தந்தபடி மாஷா அல்லாஹ் சொன்னேன். அஸ்மீர் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எத்தனையாவது என்று நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு விறாந்தையில் செருப்புகளை எண்ணினேன். (மனதுக்குள்தான்.) பதினொரு சோடி. தர்சிகாவும் வந்திருந்தாள், கன்னத்தில் முன்னதைவிட இரண்டு மடங்கு பெரிய பொட்டோடு. மச்சாள் மூலைக் கதிரையைக் காட்டினார்.

"இதில இரும். கையைத் தொடைக்குக் கீழ வையும். வாயைத் திறக்காதையும். பிரிவு மிஞ்சுறதும் மிஞ்சாததும் உம்மட கையில."

இருந்தேன். ஐயா எட்டரைக்கு வந்தார். நல்ல மனிதர், உரத்த குரல், பளபளக்கும் சப்பாத்து. வரவுப் புத்தகத்தைப் பார்த்தார், தலைகளை எண்ணினார், திருப்தியாகத் தலையாட்டினார். அவ்வளவில் போயிருக்கலாம். போகவில்லை. பின்வரிசையில் இருந்து பார்க்கத் தொடங்கினார். தர்சிகா ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாம் சுற்றில் வந்து கதிரையில் இருந்தாள். சிப்பியை எடுத்தாள். விறாந்தையில் தாய்மார் மூச்சுவிடவில்லை. என் கைகள் தொடைக்குக் கீழே மரத்துப்போயின. என் கால் ஆடவில்லை, சத்தியமாக.

ஐயாவின் கையில் தர்சிகாவின் கோப்பு இருந்தது. 'கதிரையில் இருப்பதில்லை' என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அவர் கோப்பைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, நெஞ்சு நிறைய மூச்சு எடுத்தார். அந்த மூச்சு எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நான் எடுத்த அதே மூச்சு.

"அட, இந்தப் பிள்ளை எவ்வளவு..."

கதிரை பின்னால் விழ நான் எழும்பினேன். "ஐயா, பாராட்டாதேங்கோ!"

ஐயாவின் மடியில் என்னுடைய செயற்திட்ட அறிக்கை கிடந்தது. தலைப்பு: 'பாராட்டின் மூலம் வகுப்பறை முகாமைத்துவம்'. அவர் தலைப்பை ஒருதரம் வாசித்தார். என்னை ஒருதரம் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

மச்சாள் ஒருவரையும் பார்க்கவில்லை. மெதுவாகப் போய்த் தர்சிகாவின் பக்கத்தில் குந்தினார். அவள் காதோடு வாயை வைத்து, எனக்கு மட்டும் எட்டும் குரலில் சொன்னார்: "தர்சிகா, நீங்கள் கதிரையில இருக்கிறீங்கள். சிப்பியைக் கையில வைச்சிருக்கிறீங்கள். எனக்குச் சந்தோசம்." பிறகு யன்னலுக்கு வெளியே நின்ற யோகேஸ்வரியைப் பார்த்தார். யோகேஸ்வரி மெல்லத் 'தூ தூ' என்றார். தர்சிகா இன்னொரு சிப்பியை எடுத்தாள். எழும்பவில்லை.

செய்த காரியத்தைச் சொல்லி, செய்த உடனே, பிள்ளைக்கு விளங்கும்படி. பயிற்சியில் படித்தது அத்தனையும் அதில் இருந்தது. அதை எப்படி இங்கே சொல்வது என்பதுதான் எங்கள் கோப்பில் இருக்கவில்லை. மச்சாள் திங்கட்கிழமையே மெல்ல மெல்லத்தான் என்று சொன்னது இதைத்தான். நான் மூன்று 'பரவாயில்லை'களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐயாவுக்கு வெளியே வைத்து விளங்கப்படுத்தினோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிரிவு தொடர்ந்து இயங்கலாம் என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு வாகனத்துக்கு நடக்கும்போது, நல்ல மனிதர் என்றேனே, விறாந்தையைத் திரும்பிப் பார்த்து, "தங்கமான பிள்ளைகள்," என்று உரக்கச் சொல்லிவிட்டார். அவர் கதவைச் சாத்த முன்னமே நாலு தாய்மார் முற்றத்தில் குனிந்திருந்தார்கள். சப்பாத்துப் போட்ட அடி பலிக்குமோ என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் முற்றத்து வேம்பின் கீழ் நின்றேன். வெட்கத்தில் மச்சாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். என் காதோடு குனிந்தார்.

"சுபா, நீர் நாப்பது நிமிசம் கதிரையில இருந்தீர். கால் ஆடேல்லை. நான் பாத்தனான்."

நான் அழுதுவிட்டேன். ஒரு கிழமையில் இருநூற்றுப் பதினாலு பாராட்டு அள்ளி வீசினவளுக்கு ஒன்றே ஒன்று கிடைத்தபோது தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், மச்சாள் செருப்பைக் கழற்றி மண்ணில் குதிக்காலும் விரலும் பதிய ஊன்றி மிதித்துக்கொண்டிருந்தார்.

"இந்தாரும்," என்றார். "அள்ளிக்கொண்டு போய் வீட்டில சுத்திப் போடும்."

அதற்குப் பிறகு நான் பத்துப் பதினைந்து பிரிவுகளுக்குப் போய்விட்டேன். கட்டைபறிச்சான்வரை போயிருக்கிறேன். ஆசிரியர்களிடம் கொடுக்கும் தாளில் முதல் கேள்வியை நானே எழுதிச் சேர்த்தேன்: பிள்ளையை எப்படி, யார் முன்னால் பாராட்டலாம் என்று தாயிடம் கேட்டீர்களா? கால் மட்டும் இன்னும் ஆடுகிறது. தர்சிகா இப்போது காலை முழுவதும் கதிரையில் இருப்பாள் என்று கேள்வி. இதற்குமேல் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.

வீட்டில்தான் அந்தக் கிழமை முடியவே இல்லை. குசினி அலுமாரியில் உப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல் நிறைய நான் மிதித்த மண் இருக்கிறது, 'சுபாவின் காலடி' என்று சுதன் எழுதி ஒட்டியது. சொந்தத்தில் யாருக்கு நல்ல காரியம் என்றாலும், நான் வாய் தவறிப் பாராட்டிவிட்டால் அவசரத்துக்கு உதவும் என்று அதைக் கேட்டுப் போன் வரும். போன மாதம் எங்கள் மகள் பேச்சுப் போட்டியில் முதலாம் இடம் வந்தாள். கிண்ணத்தோடு கதிரையில் இருந்தாள், எல்லோரும் மச்சாளுக்குக் காத்திருந்தோம். படலை திறந்தது. மச்சாள் வந்தார், மகளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். திரும்பி முற்றத்துக்கு இறங்கிச் செருப்பைக் கழற்றினார்.

மகள் துள்ளி எழும்பினாள். "அம்மா," என்றாள், "மாமி என்னைப் பாராட்டப் போறா."